கருவிப் பாடமும் ப்ரீஃப்ளைட்டும் ஒரே பாடம்தான்: செஸ்னா 172 மாணவர்களுக்கு வகுப்புத் திட்டம் போடுவது எப்படி?

செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தின் ஆறு காக்பிட் கருவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடிய மாணவர் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். மறுநாள் காலை முதல் வாக்கரவுண்டுக்கு, அதாவது பறக்கும் முன் விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பதற்கு, அழைத்துப் போனேன். விமானத்தின் இடது பக்கம், முன்பகுதியில், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுபோகும் சின்னத் துளை ஒன்று இருக்கும். "ஸ்டாட்டிக் போர்ட், செக்ட்" என்று சொல்லிவிட்டு அதைக் கடந்து போனார். நிறுத்திக் கேட்டேன்: "இந்தத் துளை அடைபட்டிருந்தால் உள்ளே எந்தெந்த ஊசி கெடும்?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது வேற சாப்டர் சார்" என்றார்.

அவர் மேல் தவறில்லை. கருவிகளை ஒரு வாரமும் ப்ரீஃப்ளைட்டை (பறக்கும் முன் செய்யும் சோதனைகளை) மறு வாரமும் ஒட்டாத இரண்டு பாடங்களாக நடத்தியவன் நான். அன்றைக்குப் பிறகு திட்டத்தைக் கலைத்துப் போட்டுப் புதிதாகக் கட்டினேன். ஒவ்வொரு கருவியும் எப்போது பொய் சொல்லும் என்று தொடங்க வேண்டும். அந்தப் பொய்யைத் தரையிலேயே பிடிக்கிற சோதனை எது என்பதில் முடிக்க வேண்டும். இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடுகிறது. புதிதாக ஏ.எஃப்.ஐ.ஆர் (துணைப் பயிற்றுநர் தகுதி) வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: முடிவில் மாணவர் என்ன செய்து காட்டுவார் என்று எழுதுங்கள்

"பிட்டோ ஸ்டாட்டிக் அமைப்பைப் புரிந்துகொள்வார்" என்று நோக்கம் எழுதினால் அதை அளக்க வழியில்லை. "ஸ்டாட்டிக் துளை அடைபட்ட நிலையில் ஏறும்போது ஆல்டிமீட்டர் (உயரமானி), வி.எஸ்.ஐ (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டுவது), வேகமானி ஆகிய மூன்று கருவிகளும் என்ன காட்டும் என்று விமானத்தின் முன் நின்று சொல்வார், மாற்று ஸ்டாட்டிக் குமிழைப் பார்க்காமல் தொட்டுக் காட்டுவார்" என்று எழுதினால் வகுப்பு முடிந்ததும் நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு வகுப்புக்கு இப்படி இரண்டு வரி போதும், மூன்று எழுதினால் அதிகம்.

என் கணக்கில் மொத்தம் பத்து வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம். காற்றழுத்தக் கருவிகளுக்கு மூன்று, சுழலும் கைரோ கருவிகளுக்கு இரண்டு, எஞ்சின் மற்றும் மின்சாரத்துக்கு ஒன்று, விமானத்தைச் சுற்றி மூன்று, கடைசியாகத் தேர்வு. காற்றழுத்தத்துக்கு மூன்றா என்று கேட்பார்கள். கூடுதலாகவே கொடுங்கள். மாணவர்கள் தடுமாறும் இடம் அதுதான், பெரிய விபத்துகள் சிலவற்றுக்குப் பின்னாலும் அதுதான் இருக்கிறது.

படி 2: ஒரே விமானம், ஒரே புத்தகம்

வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு எண்ணும் மாணவர் பறக்கப்போகிற அந்த விமானத்தின் பி.ஓ.எச் (விமானியின் இயக்கக் கையேடு) புத்தகத்திலிருந்து வர வேண்டும். செஸ்னா 172 முதலில் பறந்தது 1955இல். அதற்குப் பிறகு எத்தனையோ மாடல்கள், ஒவ்வொன்றுக்கும் எண்கள் வேறு. 172எஸ் மாடலில் எரிபொருள் 56 கேலன், அதில் பயன்படுத்தக்கூடியது 53. பழைய 172என் மாடலின் சாதாரணத் தொட்டியில் 43, பயன்படுவது 40. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சோதனையை 172எஸ்ஸில் 1800 ஆர்.பி.எம்மில் செய்கிறோம், பழையதில் 1700. சீனியர் கொடுத்த நோட்டையும் வாட்ஸப்பில் வந்த பி.டி.எஃப்பையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் இந்த எண்களைக் குழப்பிக்கொள்வார். முதல் நாளே விமானத்தின் வால் எண்ணைப் பலகையில் எழுதி, "இந்த வகுப்பு முழுக்க இந்த விமானத்தைப் பற்றித்தான்" என்று சொல்லிவிடுங்கள். இங்கே நான் தரும் எண்கள் 172எஸ்ஸுக்கு. உங்கள் விமானம் வேறென்றால் உங்கள் புத்தகமே முடிவு.

படி 3: வெளியிலிருந்து உள்ளே போங்கள்

பெரும்பாலான வகுப்புகள் காக்பிட் படத்தில் தொடங்கும். நான் ஹேங்கரில் தொடங்குகிறேன். இடது இறக்கையின் அடியில் நீட்டிக்கொண்டு எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்கும் பிட்டோ குழாய், பக்கவாட்டில் ஸ்டாட்டிக் துளை. முதலில் இந்த இரண்டையும் மாணவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். தொட வேண்டாம். பிட்டோ ஹீட் போட்டிருந்தால் கை வெந்துவிடும். முக்கியமாக, யாரும் ஆர்வத்தில் குழாய்க்குள் ஊதக்கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய காப்ஸ்யூல் கெட்டுப்போகும். இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வகுப்பறையில் ஒரு சோதனை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டுங்கள், உள்ளே சாயம் கலந்த தண்ணீர். ஒரு முனையில் மெதுவாக ஊதினால் மறுபக்கம் தண்ணீர் ஏறும். 60 நாட் வேகத்தில் பிட்டோ குழாய்க்குள் உண்டாகும் கூடுதல் அழுத்தம் தண்ணீரைச் சுமார் 6 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குத் தூக்கும். 120 நாட்டில் 12 வருமென்று எல்லோரும் சொல்வார்கள். வருவது ஏறக்குறைய 24. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. இதைக் கண்ணால் பார்த்த மாணவருக்கு, குறைந்த வேகத்தில் வேகமானி எவ்வளவு சின்ன அழுத்தத்தை நம்பி வேலை செய்கிறது என்பது புரியும். ஒரு குளவி கூடு கட்டினால் போதும், எல்லாம் போய்விடும் என்பதும் புரியும்.

ஆல்டிமீட்டருக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போய்ச் சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்கும். ஆல்டிமீட்டருக்குள் இருப்பதும் அப்படி மூடிய உலோகப் பெட்டிதான். வெளி அழுத்தம் குறையக் குறைய அது விரிகிறது, பல்சக்கரங்கள் அந்த விரிவை ஊசிக்குக் கொண்டுபோகின்றன. அழுத்தமானி உள்ள கைபேசி யாரிடமாவது இருந்தால், கட்டடத்தின் தரைத்தளத்திலும் மொட்டை மாடியிலும் அளவு எடுக்கச் சொல்லுங்கள். கடல் மட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய 27, 28 அடி ஏற வேண்டும். தாங்களே அளந்து கண்டுபிடித்த எண்ணை மாணவர்கள் மறப்பதில்லை.

அங்கிருந்து க்யூ.என்.எச்சுக்கு, அதாவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டு ஆல்டிமீட்டரில் வைக்கும் அழுத்த அளவுக்கு, போகலாம். உண்மையான க்யூ.என்.எச் 1003, ஆனால் மாணவர் 1013 வைத்துவிட்டார் என்று வையுங்கள். ஊசி 1,000 அடி காட்டும்போது விமானம் உண்மையில் 700 அடிக்குச் சற்று மேலேதான் இருக்கும். கிட்டத்தட்ட 300 அடி காணாமல் போய்விட்டது. மேகத்துக்குக் கீழே மலையோரம் பறக்கும்போது இந்த 300 அடி என்ன செய்யும் என்று மாணவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பிடிக்கும் சோதனை மிக எளிது: புறப்படும் முன், கோபுரம் சொன்ன க்யூ.என்.எச்சை வைத்ததும் ஊசி அந்த நிலையத்தின் உயரத்தைக் காட்ட வேண்டும். கோயம்புத்தூரில் நின்றால் சுமார் 1,320 அடி. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் நடைமுறையில் சிறிய விமானத்தின் ஆல்டிமீட்டருக்கு 60 அடி வரை வித்தியாசம் பொறுக்கலாம். அமெரிக்காவில் 75 என்பார்கள். அதற்கு மேல் போனால் ஏ.எம்.இயை (விமானப் பராமரிப்புப் பொறியாளரை) கூப்பிட வேண்டியதுதான்.

படி 4: அடைப்புகளை ஒரு முழு வகுப்பாக நடத்துங்கள்

இந்த ஒரு வகுப்பை நிமிடக் கணக்கோடு சொல்கிறேன். மற்றவற்றை இதே அச்சில் நீங்களே செய்துகொள்ளலாம்.

முதல் 5 நிமிடம் ஒரே கேள்வி: "விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது, ஆனால் உயர ஊசி அசையவில்லை. எதை நம்புவீர்கள்?" பதில் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்வதைப் பலகையில் எழுதி மட்டும் வையுங்கள்.

அடுத்த 10 நிமிடம் யு குழாயைக் கொண்டு காட்டுங்கள். ஒரு முனையை விரலால் அடைத்துவிட்டு மறுமுனையில் அழுத்தத்தை மாற்றினால் தண்ணீர் எப்படி ஏமாற்றுகிறது என்று அவர்களே பார்ப்பார்கள்.

பிறகு 15 நிமிடம் விளக்கம். ஸ்டாட்டிக் துளை தரையிலேயே அடைபட்டுவிட்டால் ஆல்டிமீட்டர் அங்கேயே உறைந்துவிடும், வி.எஸ்.ஐ பூஜ்யத்தில் நிற்கும். மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது: ஏறும்போது வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், இறங்கும்போது அதிகமாகக் காட்டும். தரையிறங்க வருகிற மாணவர் வேகம் நிறைய இருக்கிறதென்று மூக்கைத் தூக்குவார், விமானமோ ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு) பக்கத்தில் இருக்கும். பிட்டோ வாயும் அதன் வடிகால் துளையும் சேர்ந்து அடைபட்டால் கதை தலைகீழ். ஏற ஏற வேகம் கூடுவது போலத் தெரியும், வேகமானி ஆல்டிமீட்டர் மாதிரி நடந்துகொள்ளும். வாய் மட்டும் அடைபட்டு வடிகால் திறந்திருந்தால் ஊசி பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். அதை உடனே கண்டுபிடிக்கலாம் என்பதால் மூன்றிலும் அதுதான் பரவாயில்லாதது.

இந்த இடத்தில் இரண்டு விபத்துகளைச் சொல்லுங்கள். 1996 பிப்ரவரி 6, டொமினிக்கன் குடியரசின் புவெர்டோ பிளாட்டா. பிர்ஜென்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 சில வாரங்கள் பறக்காமல் நின்றிருந்தது, பிட்டோ குழாய்களுக்கு மூடியும் போடப்படவில்லை. கேப்டன் பக்கத்துக் குழாய் அடைபட்டிருந்தது. குளவிக் கூடாக இருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு. ஏற ஏற வேகம் கூடுவதாகக் கருவி காட்ட, விமானமோ வேகம் இழந்து கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். அதே வருடம் அக்டோபர் 2, பெருவின் லிமா. ஏரோபெரு 757 விமானத்தைக் கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். இரவு, கீழே கடல். எந்த எண்ணை நம்புவது என்று தெரியாமலே 70 பேர் போனார்கள். இரண்டையும் சொல்லி முடித்தபின் ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். வகுப்பில் யாரோ ஒருவர், "அப்போ அதை வாக்கரவுண்டில் பார்த்திருந்தால்…" என்று தொடங்குவார். அந்த வாக்கியத்தை அவரே முடிக்கட்டும்.

மீதி 15 நிமிடம் விமானத்தின் அருகே. மாற்று ஸ்டாட்டிக் குமிழைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதை இழுத்தால் கேபின் அழுத்தம் உள்ளே வரும், அது வெளியைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதால் உயரமும் வேகமும் சற்றுக் கூடுதலாகத் தெரியும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி 5 நிமிடம் பலகைக்குத் திரும்பி, முதலில் எழுதிய பதில்களை அவர்களையே திருத்தச் சொல்லுங்கள்.

படி 5: கைரோவுக்குப் பம்பரம்

பம்பரம் விட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு கைரோ பாதி தெரிந்த பாடம். சுழலும்வரை நிமிர்ந்து நிற்கும், வேகம் குறைந்தால் தலையாட்டும், அப்புறம் சாயும். செயற்கை அடிவானம் காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டரும், திசை காட்டும் ஹெடிங் இண்டிகேட்டரும் இந்தக் கதைதான். 172இன் பழைய பேனலில் வேக்கம் பம்ப் இழுக்கும் காற்றில் சுழல்பவை. திருப்பத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் மட்டும் மின்சாரத்தில் ஓடும். ஏன் இப்படிப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். பம்ப் போனாலும் பேட்டரி இருக்கும், பேட்டரி போனாலும் பம்ப் இருக்கும், இரண்டும் சேர்ந்து போவது அரிது. வேக்கம் கேஜில் 4.5 முதல் 5.5 அங்குலம் இருக்கிறதா என்று ரன்அப்பில் (புறப்படும் முன் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது) ஏன் பார்க்கிறோம் என்பது இங்கே தானாக விளங்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிச் சுமார் 5 நிமிடம் கழித்தே கைரோக்கள் நிலைப்படும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதற்குள் அவசரப்பட்டு எதையும் சரிசெய்யக்கூடாது.

வேக்கம் போனால் ஊசி சட்டென்று விழாது. பம்பரம் மாதிரி மெல்ல மெல்லச் சாயும்; பைலட்டும் அதோடு சேர்ந்து மெல்லச் சாய்வார். நம் நாட்டில் நடந்த விபத்து ஒன்று இதற்கு மிக அருகில் இருக்கிறது. 1978 ஜனவரி 1, பம்பாய். 'எம்பரர் அசோகா' என்ற ஏர் இந்தியா போயிங் 747 இரவில் கடலை நோக்கிப் புறப்பட்டது. கேப்டனின் ஆட்டிட்யூட் கருவி பழுதானது, விமானத்தின் சாய்வு அவருக்குத் தெரியாமல் போனது, அவர் கொடுத்த தவறான இயக்கத்தால் விமானம் விழுந்தது என்று இந்திய விசாரணை முடிவு செய்தது. 213 பேர். அது வேக்கம் கருவி இல்லை, பெரிய ஜெட்டின் மின்கருவி. அந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே கருவியைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் மற்றவற்றோடு ஒப்பிடாமல் விடுவதன் ஆபத்து இரண்டுக்கும் பொது.

இதற்கான தரைச் சோதனை டாக்ஸியில், அதாவது விமானம் தரையில் ஊர்ந்து போகும்போது, நடக்கிறது. இடது பக்கம் திரும்பும்போது மாணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: டர்ன் கோஆர்டினேட்டரின் குட்டி விமானம் இடது, அதன் பந்து வலது, ஹெடிங் எண் குறைகிறது, காம்பஸும் குறைகிறது, அடிவானம் நேராக. வலது திரும்பும்போது மாற்றிச் சொல்ல வேண்டும். பாட்டு மாதிரி மனப்பாடமாகச் சொல்கிறாரா, பார்த்துச் சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: திரும்பாமல் நேராகப் போகும்போதே "சொல்லு" என்று கேளுங்கள்.

ஹெடிங் இண்டிகேட்டர் நேரம் ஆக ஆக விலகும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை காம்பஸைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நேராக, சமமாகப் பறக்கும்போதுதான் சரிசெய்ய வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பள்ளியில் ஜி1000 என்ற மின்னணுத் திரைப் பேனல் இருந்தால் இந்த இரண்டு படிகளையும் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். திரை மாறியதே தவிர, பிட்டோ குழாயும் ஸ்டாட்டிக் துளையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் காற்று ஏர் டேட்டா கம்ப்யூட்டருக்குப் போகிறது, கைரோவின் வேலையை ஏ.எச்.ஆர்.எஸ் என்ற மின்னணு உணரி செய்கிறது. அமைப்பு தன் பழுதைக் கண்டுபிடித்தால் சிவப்புப் பெருக்கல் குறி போடும். பிட்டோவை அடைத்த குளவியை அது கண்டுபிடிக்காது. தவறான எண்ணை அழகான எழுத்தில் காட்டும்.

படி 6: எஞ்சின், மின்சாரம்

இங்கே நிறைய நேரம் வேண்டாம். எஞ்சின் தொடங்கி 30 விநாடிக்குள் எண்ணெய் அழுத்தம் வரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். 1800 ஆர்.பி.எம்மில் ஒவ்வொரு மேக்னெட்டோவுக்கும் 150க்கு மேல் குறையக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50ஐத் தாண்டக்கூடாது. மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: ஆர்.பி.எம் கொஞ்சமும் குறையவே இல்லையென்றால் அது நல்ல செய்தி இல்லை. மேக்னெட்டோவின் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். சாவியை அணைத்தாலும் அந்த மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். நாளைக் காலை யாரோ ஒருவர் ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் உதைக்கும். ப்ரொப்பெல்லர் எப்போதும் ஓடப்போவதாகவே நினைத்துப் பழக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

படி 7: வாக்கரவுண்ட்

172எஸ் புத்தகம் விமானத்தை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கிறது: கேபின், வால், வலது இறக்கையின் பின்விளிம்பு, வலது இறக்கை, மூக்கு, இடது இறக்கை, அதன் முன்விளிம்பு, பின்விளிம்பு. முதல் வகுப்பில் நீங்கள் செய்து காட்டுங்கள், ஒவ்வொரு உருப்படியிலும் "இது ஏன்?" என்பதற்கு ஒரு வாக்கியம். இரண்டாம் வகுப்பில் மாணவர் செய்வார், ஏன் என்பதையும் அவரே சொல்வார். ஏன் தெரியாத உருப்படியில் சுற்று நின்றுவிடும், தெரிந்த பிறகே நகரும். ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

சில இடங்களில் நிதானமாக நில்லுங்கள்.

எரிபொருள். 172எஸ்ஸில் ஒவ்வொரு இறக்கையிலும் 5, உடலின் அடியில் 3 என்று மொத்தம் 13 இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும். அலுத்துப்போய் நாலைந்தோடு நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தங்கும், கோப்பையில் கோடு தெரியும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். கோப்பை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால்? கோடே தெரியாது, மாணவர் "க்ளியர்" என்று சொல்லிவிடுவார். அதனால் கோட்டைத் தேடுவதற்கு முன் நிறத்தைப் பார்க்கப் பழக்குங்கள். 100எல்.எல் என்ற விமானப் பெட்ரோல் நீல நிறம். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால் நன்றாகத் தெரியும். முழுத் தண்ணீர் நிரப்பிய ஒரு கோப்பையை வகுப்பில் சுற்றில் விடுங்கள், எத்தனை பேர் "ஓகே" என்று கொடுத்து அனுப்புகிறார்கள் பாருங்கள். மழைக்காலத்திலும், கடலோர நிலையங்களில் இரவு பாதித் தொட்டியோடு நின்ற விமானத்திலும் இந்தச் சோதனைக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். அளவுக்கு, கேஜை மட்டும் நம்பாமல் இறக்கை உயரத்துக்கு ஏறி அளவுக்குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். மூடியை இறுக்கினோமா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

கன்ட்ரோல் லாக். நிற்கும் விமானத்தின் அசையும் பலகைகள் காற்றில் ஆடாமல் பிடிக்கும் பூட்டு. 1935 அக்டோபர் 30, அமெரிக்காவின் ரைட் ஃபீல்ட். போயிங் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் காற்றுப்பூட்டை எடுக்காமலே புறப்பட்டு விழுந்தது. ஓட்டியவர் மேஜர் ப்ளாயர் ஹில், அனுபவம் மிக்க சோதனை பைலட். திறமை குறைவால் நடக்கவில்லை, ஒன்றை மறந்ததால் நடந்தது. பைலட்டுக்கான எழுத்து செக்லிஸ்ட் வழக்கமானது அதற்குப் பிறகுதான். 79 வருடம் கழித்து, 2014 மே 31, மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அதே காரணத்தால் ஓடுபாதை தாண்டி எரிந்து 7 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, முந்தைய 175 புறப்பாடுகளில் கன்ட்ரோல் சோதனை முழுமையாக நடந்தது 2 முறை மட்டுமே. இந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு, "கன்ட்ரோல்ஸ் ஃப்ரீ அண்ட் கரெக்ட்" என்பதில் 'கரெக்ட்' என்றால் என்ன என்று கேளுங்கள். யோக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பிடியை) இடது பக்கம் திருப்பினால் இடது எய்லெரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே போக வேண்டும். கட்டைவிரலை நிமிர்த்தி யோக்கைப் பிடித்தால், விரல் காட்டும் பக்கம் எழும்பும். தலையைத் திருப்பி இறக்கையைப் பார்க்காமல் சொன்னால் அந்தச் சோதனையை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பிட்டோ மூடி. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நிலையத்தில் குளவித் தொல்லை அதிகம். 2013இல் அங்கே ஒரு எதிஹாட் ஏ330 பிட்டோவுக்குள் குளவி கூடு கட்டிவிட்டதால் சிக்கலுக்கு உள்ளானது. அதனால் நிற்கும் விமானங்களுக்கு மூடி போட்டார்கள். 2018 ஜூலை 18 அன்று மலேசியன் ஏர்லைன்ஸ் ஏ330 ஒன்று அந்த மூடிகளோடே புறப்பட்டுவிட்டது. வேகம் காட்டாமலே சுற்றி வந்து பத்திரமாக இறங்கினார்கள். ஒரு ஆபத்துக்குப் போட்ட காப்பு அடுத்த ஆபத்தாகிவிட்டது என்பதை மாணவர்கள் இதிலிருந்து தெளிவாகப் பார்க்கிறார்கள். மூடியைக் கழற்றினால் அதைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றவும், கேபினுக்குள் அதன் இடத்தில் வைத்தபின் எண்ணவும் பழக்குங்கள்.

சீட். புத்தகத்தில் ஒரே வரி, நான் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். செஸ்னாவின் சீட் ரெயிலில் முள் சரியாக விழவில்லையென்றால் டேக்ஆஃபில் சீட் பின்னால் வழுக்கும். கையில் இருப்பது யோக். பிடித்துக்கொள்ள அதைத்தான் இழுப்பார்கள். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் உந்திப் பார்க்கட்டும்.

நேரம் காலை ஆறரை மணி என்று வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் டார்மாக்கில் நிற்கும் மாணவர் வெயிலிலிருந்து தப்பிக்கத்தான் உருப்படிகளைத் தாண்டுவார். தொப்பி, தண்ணீர் பாட்டில் இரண்டையும் பாடத்திட்டத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

படி 8: பிழை வைத்துத் தேடச் சொல்லுங்கள்

இந்தப் பயிற்சிதான் என் மாணவர்களை மாற்றியது. பறக்காத விமானத்தில், ஏ.எம்.இயின் அனுமதியோடு, சில பிழைகளை வைத்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். ஆல்டிமீட்டரில் 10 ஹெக்டோபாஸ்கல் தள்ளி வைக்கலாம். டோபார் (விமானத்தைத் தரையில் இழுக்கும் கம்பி) மாட்டியபடியே இருக்கலாம். எண்ணெய் மூடி தளர்ந்திருக்கலாம். ஒரு சர்க்யூட் பிரேக்கர் வெளியே இழுத்திருக்கலாம். ஸ்டாட்டிக் துளை மேல் பளிச்சென்ற நிறத்தில் டேப்.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு, இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். வைத்த ஒவ்வொரு பிழையும் ப்ரீஃபிங் அறைப் பலகையில் எண்ணோடு எழுதப்பட வேண்டும். வைத்தவரே எடுக்க வேண்டும். எடுத்தபின் இன்னொருவர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஏ.எம்.இ பார்த்துக் கையெழுத்திடும்வரை அந்த விமானம் பறக்கக்கூடாது. ஏரோபெருவை உயிரோடு சொல்லிக்கொடுக்கப் போய் நாமே அதைச் செய்துவிடக்கூடாது.

எத்தனை பிழை என்று மாணவரிடம் சொல்லாதீர்கள். "அஞ்சு" என்று தெரிந்தால் ஐந்தாவது கிடைத்ததும் தேடல் நின்றுவிடும். ஒரு நாள் ஒரு பிழையும் வைக்காமல் விட்டுப் பாருங்கள். "ஒன்றும் இல்லை சார்" என்று உறுதியாகச் சொல்வதற்கு, ஐந்தைக் கண்டுபிடிப்பதைவிட அதிகத் தெளிவு வேண்டும்.

இன்னொன்று: நடுவில் குறுக்கிடுங்கள். வேறு யாரையாவது கைபேசியில் அழைக்கச் சொல்லலாம், சார்ட்டி (பயிற்சிப் பறப்பு) நேரம் மாறியதாகச் சொல்லலாம். மாணவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாரா, இரண்டு உருப்படி பின்னால் போய்த் தொடங்குகிறாரா, அந்தப் பகுதியையே மறுபடி செய்கிறாரா என்று கவனியுங்கள். 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பான்ஏர் எம்.டி-82 வேறொரு பழுதுக்காக ஓடுபாதை வரை போய்த் திரும்பி வந்து, சரிசெய்துகொண்டு மீண்டும் புறப்பட்டது. புறப்படும்போது இறக்கையின் தூக்குவிசையைக் கூட்டும் ஃப்ளாப்பும் ஸ்லாட்டும் போடப்படவில்லை, எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. 154 பேர். இடையில் நின்றுபோன வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு உங்கள் பள்ளியில் ஒரு விதி இருக்க வேண்டும். என் விதி: அந்தப் பகுதியின் தொடக்கத்துக்குப் போ.

படி 9: மொழி

தமிழ் வழியில் படித்து வருகிற மாணவர்கள் இருக்கிறார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏவின் தேர்வு ஆங்கிலத்தில், ரேடியோவும் ஆங்கிலத்தில், செக்லிஸ்டும் அப்படியே. அதனால் செக்லிஸ்ட் சொற்களைத் தமிழாக்கம் செய்யாதீர்கள். "மிக்ஸ்சர் ரிச்" என்றால் எல்லா இடத்திலும் அதுவே. ஆனால் "ஏன்?" என்ற கேள்விக்கு எந்த மொழியில் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சொல்லச் சொன்னால் புத்தகத்தின் வாக்கியம் திரும்பி வரும். தமிழில் சொல்லச் சொன்னால், புரிந்திருந்தால் மட்டுமே வாயில் வரும். "ஸ்டாட்டிக் அடைச்சுக்கிட்டா பழைய காத்து உள்ளேயே மாட்டிக்கும் சார், அது கீழே இருந்த காத்து, அதனால…" என்று ஒரு மாணவி தொடங்கியபோது அவருக்கு அது முழுமையாகப் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொல்ல வைத்தேன். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

படி 10: தேர்வு

தேர்வு நாளில் கேள்வித்தாள் வேண்டாம். மாணவரிடம் விமானத்தைக் கொடுத்துவிட்டு இருபது அடி தள்ளி நில்லுங்கள். பேசாதீர்கள், முகத்தில் எதையும் காட்டாதீர்கள். நம் புருவம் உயர்வதைப் பார்த்தே திருத்திக்கொள்கிற மாணவர்கள் உண்டு. உங்கள் தாளில் மூன்று பத்தி: கண் போன இடம், கை தொட்ட இடம், வாய் சொன்னது. மூன்றும் ஒரே உருப்படியில் சேரவில்லையென்றால் அங்கே ஒரு குறி போடுங்கள்.

முடிந்ததும் இரண்டு கேள்வி. முதலாவது, வாக்கரவுண்டில் பார்த்த ஏதாவது ஓர் உருப்படியைச் சொல்லி, "இது கெட்டிருந்தால் காக்பிட்டில் எது பொய் சொல்லும்?" அடுத்தது அதன் மறுபக்கம்: காக்பிட்டில் ஒரு கருவியைக் காட்டி, "இதை நம்பலாம் என்று வெளியே எங்கே உறுதி செய்தாய்?" இரண்டு திசையிலும் தயங்காமல் போய்வரத் தெரிந்தால் தேர்ச்சி. ஒரு திசையில் மட்டும் என்றால் படி 4க்குத் திரும்புங்கள், யு குழாயை மறுபடி எடுங்கள். இதற்காக ஒரு சார்ட்டி தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று தலைமைப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவரின் முதல் சோலோ (தனியாகப் பறக்கும்) நாள் காலையிலும் இதே தாளை எடுத்துப் போங்கள். அன்றைக்கும் இருபது அடி தள்ளியே நில்லுங்கள்.